கடைசி வீட்டின் காலை வணக்கம்

எங்கள் காலனி வாட்ஸ்அப் குரூப்பின் வாயை அடைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "அசோசியேஷன் முடிவு" என்றுதான் சொல்வார்கள். என்மேல் உள்ள இரக்கத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அசோசியேஷனாவது கத்தரிக்காயாவது! ஒரு பங்குனி மாதத்துச் சாயங்காலம், கோபத்தில், சோபாவில் உட்கார்ந்தபடி என் கட்டைவிரலால் நான் அழுத்தியது அது. இனி அட்மின் மட்டும்தான் செய்தி அனுப்ப முடியும் என்று எல்லார் ஃபோனிலும் போய் விழுந்தது.

எங்கள் காலனி தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் ஏரிக்குப் போகிற பக்கம் இருக்கிறது. மூன்றே தெரு, ஒரு பூங்கா, பூங்கா மூலையில் ஒரு பிள்ளையார். எல்லாம் லோன் போட்டுக் கட்டிய வீடுகள். பிள்ளைகள் காட்டாங்குளத்தூரில் படித்து, அங்கிருந்து பெங்களூர் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் மிச்சம், சில வீடுகளில் ஒருவர். தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு நான் ஓய்வு பெற்ற மறுமாதமே என்னைப் பிடித்துச் செயலாளர் ஆக்கினார்கள். குரூப்புக்கும் நானே அட்மின். "உன் கையில ஒரு சாவியைக் குடுத்தா நீ பூட்டாம விடமாட்டியே" என்று என் வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார். நான் முறைத்தேன்.

குரூப்பில் காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடும். ரோஜாப்பூவில் பனித்துளி, உதிக்கிற சூரியன், ஆவி பறக்கும் காபி, முருகன். எல்லாம் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற படங்கள். சொந்தமாகப் படம் எடுத்துப் போடுகிறவர் ஒரே ஒருவர்தான், மூன்றாவது தெருவின் கடைசி வீட்டு சார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பாரே, அந்த வேலை. "சர்வீஸ் முழுக்கக் கடைசிப் பெட்டி, இப்ப கடைசி வீடு. எனக்குப் பின்னாடி ஏரிதான் மேடம்" என்று சிரிப்பார். மனைவி இறந்து நாலு வருஷம். ஒரே மகள் வெளிநாட்டில். அவளையும் நம் காலனிப் பெண்தானே என்று குரூப்பில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

பங்குனி பிறந்துவிட்டால் அந்த மனுஷருக்குக் கால் தரையில் பாவாது. புங்கமரங்கள் துளிர் விட்டு, பூவைப் பொரி மாதிரி தெரு முழுக்கக் கொட்டும். குயில் விடிவதற்கு முன்னாலேயே தொண்டையைத் தீட்டும். இவர் தொப்பியை மாட்டிக்கொண்டு மூன்று தெருவையும் சுற்றிவந்து ஆறு மணிக்கு ஒரு படம் போடுவார். "காலை வணக்கம். இரண்டாவது தெரு, பச்சை கேட் வீடு. வேம்பு பூத்துவிட்டது. கீழே கார் நிறுத்துகிறவர்கள் பிறகு யாரையும் திட்ட வேண்டாம்." மறுநாள், "காலை வணக்கம். பூங்கா மாமரம். பிஞ்சுகள் பதினொன்று. எண்ணி வைத்திருக்கிறேன், கல் எறிகிறவர்கள் கவனிக்கவும்." அதற்கடுத்த நாள், ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் திட்டுத் தெரிகிறது, கொக்குகள் இறங்கியிருக்கின்றன என்று ஒரு படம். ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சல் வந்த அன்று தன் வீட்டுத் துளசியைப் படம் எடுத்து, "இன்று நடை இல்லை. இதுதான்" என்று போட்டார்.

என் வீட்டு வாசலில் ஒரு சரக்கொன்றை நிற்கிறது. நான் வைத்தது. அப்போது ஆறு வயது அதற்கு. இலையாகத் தள்ளுமே தவிர, ஒரு பூ கிடையாது. "வெட்டிப் போட்டுடலாம்னு இருக்கேன் சார், குப்பைதான் மிச்சம்" என்றேன் ஒருநாள். பதறிப்போனார். "ஐயோ, அவசரப்படாதீங்க மேடம். இந்தச் சித்திரைல பூக்கும், பாருங்க. பூத்தா நீங்க பாக்கறதுக்கு முன்னாடி நான் குரூப்ல போட்டுடுவேன், பெட்டு?" என்றார். "பெட்டு" என்றேன். அவர் வார்த்தைக்காகத்தான் அந்த மரம் தப்பித்தது.

அவர் வீட்டிலும் என் வீட்டிலும் வேலை செய்கிறவள் ஒருத்தியே. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. ஏழு மணிக்கு எனக்கு, பத்து மணிக்கு அவருக்கு. உள்ளே நுழையும்போதே, "கடைசி வூட்டு ஐயா பூ போட்டாராம்மா?" என்று கேட்பாள். "போட்டார், போட்டார்" என்பேன். "அப்ப சரி" என்று விளக்குமாற்றைக் கையில் எடுப்பாள். லீவு போட்ட நாளில்கூட எனக்கு ஃபோன் செய்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். இவளுக்கு என்ன இப்படி ஒரு பூ ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் கோப்பு படித்தவளுக்கு அந்த ஒரு கேள்வியைப் படிக்கத் தெரியவில்லை.

நான் குரூப்பைப் பூட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே போட்டிருந்தேன். அதன்மேல் நாற்பது ஐம்பது காலை வணக்கம் வந்து உட்கார்ந்ததில் அது கீழே அமுங்கிவிட்டது. முதல் தெருவில் ஒரு பெண்ணுக்கு அன்று வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தேர்வு. பாதியில் கரண்ட் போய், இன்டர்நெட் போய், அந்தக் குழந்தை ஓவென்று அழுதிருக்கிறது. அம்மாக்காரி என் வாசலில் வந்து நின்று ஒரு ஆட்டம் ஆடினாள். "நீங்கல்லாம் எதுக்கு செகரட்டரின்னு இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் யாரிடமும் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை. உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. சாயங்காலமே பூட்டிவிட்டேன். மறுநாள் காலை ஃபோன் சத்தமில்லாமல் கிடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் மறைக்கவில்லை.

அன்று பத்து மணிவாக்கில் கடைசி வீட்டு சார் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே, "மேடம், காலைல ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் போட்டுக்கறேனே" என்றார்.

"சார், ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். உங்களுக்கு மட்டும் தொறந்து விட்டா மத்தவங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"அது கரெக்ட்" என்றார் உடனே. "ரூல் இல்லாம வண்டி ஓடாது. என்ன ஒண்ணு, எங்க லைன்ல வண்டி கிளம்பினா டிரைவர் முன்னாடி கொடி காட்டணும், நான் பின்னாடி காட்டணும். ஒருத்தர் காட்டலைன்னா வண்டியை நிறுத்திட்டு, என்ன ஏதுன்னு போய்ப் பாக்கணும். பழக்கம் விடமாட்டேங்குது, அவ்ளோதான்."

"மகளுக்கு அனுப்புங்களேன் சார்."

"அவளுக்கு அப்ப ராத்திரி மேடம். குழந்தையோட அல்லாடிட்டு இருப்பா. தனியா அனுப்பினா ஏதோ நான் கூப்பிடற மாதிரி ஆயிடும். குரூப்ல கிடந்தா தோணும்போது பாத்துப்பா." அப்புறம் தொப்பியை வைத்துக்கொண்டு, "சரி, வரேன்" என்று போய்விட்டார். அவர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. நான் காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி காலனியில் விழா. பிள்ளையாருக்கு அபிஷேகம், கோலப்போட்டி, குழந்தைகள் டான்ஸ், எல்லாருக்கும் வேப்பம்பூ பச்சடியும் நீர்மோரும், மதியம் சாப்பாடு. ஒரு மாதமாக எனக்கு அதுவே வேலை. விழாவுக்கு மூன்று நாள் முன்னால் வேலைக்காரப் பெண் லீவு கேட்டாள். திண்டிவனம் பக்கம் அவள் அக்கா வீட்டில் பெண்ணுக்குக் காதுகுத்து. "விழா அன்னிக்கு சாயங்காலம் வந்துடுவேம்மா" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இப்ப ஐயா பூ போடறதில்லியாமே?"

"யாருமே போட முடியாது. நிறுத்தியாச்சு."

"ஐயய்யோ, இன்னாம்மா இப்டி பண்ணிட்டீங்க? அவரு ஒண்டியா கீறாரும்மா. நான் இல்லாத மூணு நாளும் காலைல கொஞ்சம் எட்டிப் பாத்துக்கோங்க. மறந்துடாதீங்க."

"சரி சரி, நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். மனசாரச் சொன்னேன். முதல் நாள் பார்க்கவும் செய்தேன், ஸ்கூட்டரில் போகிற போக்கில். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கை ஆட்டினார்.

விழாவுக்கு முந்தின நாள் காலை ஆறரை இருக்கும். சமையல்காரர் ஃபோனில் பிடித்துக்கொண்டார். நூற்றைம்பது பேருக்கு என்று பேசியது, இப்போது இருநூறு என்றால் எப்படி என்று கத்துகிறார். நானும் கத்துகிறேன். கேட்டுக்கு வெளியே கடைசி வீட்டு சார் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு கையில் ஃபோன். இன்னொரு கையால் மேலே மேலே காட்டுகிறார். எங்கள் வாசல் தெருவிளக்கு எரியவில்லை என்று போன வாரமே சொல்லியிருந்தார். ஃபோனை மார்பில் அமுக்கிக்கொண்டு ஜன்னலில் இருந்தே குரல் கொடுத்தேன். "லைட்தானே சார்? சொல்லியாச்சு, வந்துடுவாங்க!"

"லைட் இல்ல மேடம், ஒரே ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், சமையல்காரர் லைன்ல இருக்கார், என் உயிரை வாங்கறார். அப்புறம் பேசலாமா?"

"ஆகட்டும் ஆகட்டும். நீங்க வேலையைப் பாருங்க. நாளைக்குச் சொல்றேன்" என்றார். ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். நான் சமையல்காரரிடம் திரும்பினேன்.

விழா நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லும்போது நாக்கு கூசுகிறது. பிள்ளையாருக்குச் சந்தனக்காப்பு, தெருவெல்லாம் சாமந்தித் தோரணம், ஸ்பீக்கரில் பாட்டு. பூங்கா பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சத்தம் தாங்காது என்றார்கள். ஸ்பீக்கரை ஏரிப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். பச்சடி கொடுக்கும்போது யாரோ, "கடைசி வீட்டு சாரைக் காணோமே" என்றார்கள். "இந்த வெயில்ல எங்க வருவார், ஒரு டப்பால எடுத்து வையுங்க, நான் குடுத்துக்கறேன்" என்றேன். எடுத்து வைத்தார்கள். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலை நீட்டினவள்தான், அப்படியே தூங்கிப்போனேன். வேலைக்காரப் பெண்ணும் அன்று சாயங்காலம் வரவில்லை. பண்டிகை முடிந்து ஊர் திரும்புகிற கூட்டத்தில் பெருங்களத்தூருக்கு வெளியே பஸ் மணிக்கணக்காக நின்று, அவள் வீடு சேர்ந்தபோது நடுநிசி தாண்டிவிட்டதாம்.

மறுநாள் காலை என் வாசலில் மஞ்சள் இதழ்கள் சிதறிக் கிடந்தன. தோரணத்துச் சாமந்தியைப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே பெருக்கித் தள்ளினேன். அப்போதுதான் வேலைக்காரப் பெண் தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தாள். முதலில் என் வீட்டுக்கு வராமல் நேராக அங்கேதான் போயிருக்கிறாள். அவர் கேட்டில் தொங்குகிற பையில் இரண்டு நாள் பால் பாக்கெட். ஒன்று வெயிலில் உப்பிக் கிடந்ததாம். "அம்மா, கதவத் தட்டுறேன், தொறக்கலம்மா, வாங்கம்மா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். சமையலறை வாசலில் விழுந்து கிடந்தார். விழாவுக்கு முந்தின நாள் பால் பாக்கெட் வெட்டாமல் மேடையில் அப்படியே இருந்தது. ஃபோன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அவர் பக்கத்தில் தரையில் ஒரு சொம்பு, ஒரு கையால் இழுத்த மாதிரி கால்மிதி சுருண்டு கிடந்தது. வந்த டாக்டர் எங்கள் முதல் தெருக்காரர்தான். பார்த்துவிட்டு எழுந்து, இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, விழுந்ததுமே போகவில்லை, ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கும் என்றார். "நேத்துக் காலைல யாராவது வந்து பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நேற்றுக் காலை. குரூப் திறந்திருந்தால் நேற்று ஆறு மணிக்குப் பூ வந்திருக்காது. ஏழு மணிக்குள் நாலு பேர், "சார் எங்கே?" என்று கேட்டிருப்பார்கள். ஏழரைக்குள் நானே போய்க் கதவைத் தட்டியிருப்பேன். அவர் கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது, ஸ்பீக்கர் அந்தப் பக்கம் அலறிக்கொண்டிருந்தது. வேலைக்காரப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "எட்டிப் பாத்தீங்களாம்மா?" என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மகள் வர இரண்டு நாள் ஆயிற்று. எல்லாம் முடிந்த மறுநாள் சாயங்காலம் தெருக்காரர்கள் பத்துப் பேர் அவர் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி மட்டும் கரகரவென்று ஓடியது. அந்தப் பெண் அப்பாவின் ஃபோனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "ஆன்ட்டி, நான் குரூப்ல மியூட்லதான் இருந்தேன். ஆனா குழந்தையைத் தூங்க வெச்சிட்டு அப்பா போடற பூவை மட்டும் பாத்துட்டுப் படுப்பேன். பூ வந்துட்டா அப்பா நல்லா இருக்கார்னு அர்த்தம். ஃபோன் பண்ணணும்னுகூடத் தோணாது" என்றாள். "அப்புறம் பூ வரலை. அட்மின் மட்டும்னு வந்ததைப் பாத்தேன். தனியா எனக்கு அனுப்புப்பான்னு சொல்லணும்னு தினம் நெனச்சேன் ஆன்ட்டி. சொல்லலை."

"பூட்டினது நான்தாம்மா" என்றேன். "அவர் வந்து கேட்டார். நான் முடியாதுன்னுட்டேன்." பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அழவும் இல்லை. ஃபோனை என் பக்கம் நீட்டினாள்.

"படம் எடுக்கறதை அவர் நிறுத்தலை. தினமும் எடுத்திருக்கார், பாருங்க. கடைசியா எடுத்தது இது. இது யார் வீடு ஆன்ட்டி?"

நீலக் காம்பவுண்டுச் சுவர். வளைந்துபோன தபால் பெட்டி. சுவருக்கு மேலே, தெருப் பக்கம் நீண்ட கிளையில், ஒற்றைக் கொத்தாக மஞ்சள் தொங்கிக்கொண்டிருந்தது. விழாவுக்கு முந்தின நாள், காலை ஆறு இருபத்தைந்து என்று ஓரத்தில் இருந்தது.

"என் வீடு" என்றேன்.

"குரூப்ல போடட்டுமா ஆன்ட்டி? அப்பா ஃபோன்லேர்ந்து?"

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் எழுத்து தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்தான் என் ஃபோனில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினார். குரூப்பைத் திறந்துவிட்டேன். அவள் அனுப்பினாள். ஒரே நொடியில் அந்தக் கூடத்தில் பத்து ஃபோன்களும் சட்டைப்பையிலும் கைப்பையிலும் மடியிலும் சத்தம் போட்டன. எல்லாவற்றிலும் கடைசி வீட்டு சாரின் பேர். யாரும் எடுக்கவில்லை. தேர்வெழுத முடியாமல் போன பெண்ணின் அம்மா மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

வீட்டுக்குத் தனியாகத்தான் நடந்து வந்தேன். கேட்டுக்கு வெளியே, அவர் நின்ற இடத்தில் நின்றேன். உள்ளிருந்து பார்த்தால் அந்தக் கிளை தெரியாது, மாடிச் சன்ஷேடு மறைத்துவிடும். வெளியே நின்று தலையைத் தூக்கினால்தான் தெரியும். அந்த ஐந்து நாளில் எத்தனை முறை அந்த வழியாகப் போய்வந்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தலையைத் தூக்கவில்லை. கொத்தில் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. சாமந்தி என்று நான் பெருக்கித் தள்ளியது அதைத்தான். ஃப்ரிட்ஜில் அவருக்கு எடுத்து வைத்த பச்சடி டப்பா இன்னும் இருந்தது. அவர் அன்று கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே, நாளைக்குச் சொல்றேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.